என் முனைவர் பட்டத்தில் கரைந்துபோன 19 மாதங்கள்

பினாங்கில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தபோது எனக்கு வயது 26. மூன்று ஆண்டில் முடியும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். முடித்தபோது 31 நெருங்கிவிட்டது. அதில் 19 மாதம், முன்பே செய்து முடித்த வேலையைத் திரும்பச் செய்வதிலேயே போயிற்று. அதில் பெரும்பகுதியை யாரிடமும் வாய் திறக்காமல், இரவில் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி கழித்தேன். முதல் நாளே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதிக்கு மேல் தப்பியிருப்பேன். காந்தப் பொருள்களைக் கணினியில் ஆராயும் துறைக்கு வரப்போகும் நம் பிள்ளைகளுக்காக, செலவான காசையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீடு பட்டர்வொர்த்தில். அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டினார். அம்மா 22 ஆண்டு பாயான் லெப்பாஸில் ஹார்டு டிஸ்க் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வரும், பாலம் தாண்டிப் போவார். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு துண்டில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இளங்கலை மூன்றாம் ஆண்டில் விரிவுரையாளர் ஒருவர் மாபெரும் காந்தத்தடை பற்றிப் பாடம் நடத்தினார், காந்தப்புலம் பட்டதும் மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை வெகுவாக மாறுவது அது. 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியில் பீட்டர் குரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்தது, 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது, ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனைக்குள் பத்தே ஆண்டில் புகுந்துவிட்டது. அம்மா இத்தனை ஆண்டாகப் பார்த்தது அதைத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "நாங்க ஹெட்டுன்னு சொல்லுவோம்" என்றார். காந்தம் படிக்க வேண்டும் என்று அன்று இரவே முடிவு செய்துவிட்டேன்.

என்ன ஆய்வு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் இழப்பு அப்போதுதான் விளங்கும். மின்சாரக் கார், காற்றாலை, ஹார்டு டிஸ்க் போன்றவற்றில் பெரும்பாலும் இருக்கும் வலிமையான காந்தம் நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கண்டுபிடித்தார்கள். நியோடிமியம் அரிய மண் தனிமம். அதைப் பிரித்தெடுப்பது எவ்வளவு சிக்கல் என்று மலேசியாவில் இருக்கும் நமக்குத் தெரியும், குவாந்தான் அருகே கெபேங்கில் உள்ள அரிய மண் ஆலையின் கழிவு பற்றிய வாதம் 10 ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. அரிய மண் இல்லாமலே நல்ல காந்தம் செய்ய முடியுமா என்று உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். அப்படித் தேடப்படும் ஒன்று டெட்ராடேனைட். வெறும் இரும்பும் நிக்கலும்தான், ஆனால் ஓர் அடுக்கு இரும்பு, ஓர் அடுக்கு நிக்கல் என்று அணுக்கள் மாறிமாறி அடுக்கியிருக்கும். விண்கற்களில் கிடைக்கிறது. சுமார் 320 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் அந்த அடுக்கு நிலைக்கும். அந்தச் சூட்டில் அணுக்கள் நகர்வதோ மிக மிக மெதுவு. விண்கல்லுக்குள் பல மில்லியன் ஆண்டு ஆறி ஆறித்தான் அது உருவாகிறது. 1960களில் பிரான்சில் நியூட்ரான்களால் தாக்கி ஆய்வுக்கூடத்தில் கொஞ்சம் செய்து காட்டினார்கள். நிக்கலின் இடத்தில் சிறிதளவு வேறோர் உலோகத்தைச் சேர்த்தால் காந்தம் இன்னும் உறுதியாகுமா என்று கணினியில் பார்ப்பது என் தலைப்பு. கேட்ட அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்றும் பிடிக்கும்.

முதல் தவறு சேர்ந்த நாளிலேயே நடந்துவிட்டது. என் உதவித்தொகை மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து வந்தது, மாதம் 2,000 வெள்ளி (ரிங்கிட்). மூன்று ஆண்டு மானியம் என்று கேள்விப்பட்டு, எனக்கும் மூன்று ஆண்டு வரும் என்று நானே நினைத்துக்கொண்டேன். அந்த மானியம் நான் சேர்வதற்கு ஓராண்டு முன்பே ஓடத் தொடங்கியிருந்தது. 24ஆம் மாதம் பணம் நின்றது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, கடிதத்தில் முடியும் தேதி இருந்தது, நான் என் பெயரும் தொகையும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: மானியம் தொடங்கிய தேதி, முடியும் தேதி, நீங்கள் ஆய்வேடு கொடுக்கப்போகும் உத்தேசத் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அதை யார் நிரப்புவார்கள் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். அப்புறம், இந்த உதவித்தொகைக்கு இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி கிடையாது. என்னோடு படித்த தோழி பத்து காஜாவில் இஞ்சினியராகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டே சேமநிதிக் கணக்கைக் காட்டி வீடு பார்க்கப் போனாள். என் கணக்கில் ஐந்து ஆண்டு ஒரு சென் ஏறவில்லை. அதற்காகப் படிக்காதே என்று சொல்ல மாட்டேன். மாதம் 50 வெள்ளியாவது நாமாகவே அந்தக் கணக்கில் போட்டு வரலாம், போட முடியும் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சரி, ஆய்வுக்கு வருகிறேன். ஒரு காந்தம் நிரந்தரக் காந்தமாக இருக்க, அதன் அணுக்களின் காந்தத் திசை ஒரு குறிப்பிட்ட பக்கத்தை விரும்பி அங்கேயே நிற்க வேண்டும். அந்த விருப்பத்தின் அளவை அனிசோட்ரபி ஆற்றல் என்போம். கணக்கிடும் வழி கேட்க எளிது: காந்தத் திசையை அடுக்குகளுக்குச் செங்குத்தாக வைத்து மொத்த ஆற்றலைக் கணக்கிட வேண்டும், அப்புறம் படுக்கையாக வைத்துக் கணக்கிட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கோன், ஹோஹன்பெர்க், ஷாம் மூவரும் 1964, 1965இல் போட்டுக்கொடுத்த, எலக்ட்ரான்களின் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டில் இதைச் செய்யலாம், வால்டர் கோனுக்கு 1998இல் வேதியியல் நோபல் கிடைத்ததும் அதற்குத்தான். சிக்கல் அந்தக் கழித்தலில் இருக்கிறது. ஓர் இரும்பணுவும் ஒரு நிக்கலணுவும் சேர்ந்த மொத்த ஆற்றல் 75 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். நாம் தேடும் வேறுபாடோ அதே ஜோடிக்குச் சில பத்து மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட். ஆயிரம் டன் கப்பலை எடை போட்டு, உள்ளே ஒரு கிராம் வெந்தயம் இருக்கிறதா என்று சொல்வதைப் போன்றது. தராசு துளி ஆடினாலும் வெந்தயம் பத்து மடங்காகத் தெரியும், சில நேரம் எதிர்மறையாகவும் தெரியும்.

எனக்கு 210 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. கலப்பில்லாத இரும்பு நிக்கலுக்குச் சுமார் 70 என்று பல கட்டுரைகள் சொல்லியிருந்தன. அதன் மூன்று மடங்கு! அந்த எண்ணைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. மேற்பார்வையாளரும் மகிழ்ந்தார். 22ஆம் மாதம் கட்டுரை எழுதத் தொடங்கி, இரண்டே மாதத்தில் அனுப்பினேன். என் ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்கள் அந்த ஒரு எண்ணின் மேல் நின்றன.

28ஆம் மாதம் மேற்பார்வையாளரின் ஒப்பந்தம் முடிந்தது. வேறு நாட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்பினார். நல்ல மனிதர், போகும் நாளில் சுங்கை நிபோங்கில் எங்கள் எல்லாருக்கும் நாசி கண்டார் வாங்கித் தந்தார். "மின்னஞ்சலில் பேசுவோம்" என்றார். அடுத்த மாதமே, கட்டுரையை அனுப்பிய இதழின் மதிப்பீட்டாளரிடமிருந்து குறிப்பு வந்தது. மூன்றே வரி. எத்தனை கே-புள்ளிகள் (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிட நிரல் எடுத்துக்கொள்ளும் மாதிரிப் புள்ளிகள்) பயன்படுத்தினீர்கள், அதைக் கூட்டினால் எண் மாறுகிறதா, தொடக்கக் காந்தத் திசைகளை மாற்றிப் பார்த்தீர்களா. மரியாதையான கேள்விகள். ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று, கணக்குகளை ஓட்டும் கிளஸ்டர் என்ற கணினித் தொகுதியில் நுழைந்தேன். நான் கணக்குப் போட்ட வாஸ்ப் என்ற கட்டண நிரல் ஓடவில்லை. எங்கள் குழுவின் உரிமம் மேற்பார்வையாளர் பெயரில் இருந்தது, அவர் போனதும் உள்ளூரில் அதைப் பயன்படுத்த எனக்கு உரிமை இல்லை. புதிதாக வாங்கப் பல ஆயிரம் யூரோ வேண்டும். அது அந்த நிரலின் விதி, யார் மேலும் குறை இல்லை. ஆனால் அப்படி ஒரு விதி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வோர் அணுவின் தன்மையையும் நிரலுக்குச் சொல்லும், உரிமத்தோடு வரும் கோப்புகளையும் வெளியாள் வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய வெளியீடுகளையாவது பார்ப்போம் என்று, தற்காலிகக் கோப்புகள் இருக்கும் ஸ்க்ராட்ச் கோப்புறையைத் திறந்தேன். காலி. 60 நாள் தொடாத கோப்புகள் தானாக அழியும் என்று உள்ளே நுழையும்போதெல்லாம் திரையில் எழுதியிருக்கும். இரண்டு ஆண்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டேதான் நுழைந்திருக்கிறேன்.

அன்று பல்கலைக்கழகத்திலிருந்து கெளம்பி, பஸ் ஏறாமல் கெலுகோர் வரை நடந்தேன். ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு தே ஓ வைத்துவிட்டுப் போனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். கட்டண நிரலில் வேலை தொடங்குவதற்கு முன் உரிமம் யார் பெயரில், எந்த ஆண்டு வரை, குழுவில் பதிந்த பயனர்களில் உங்கள் பெயர் உண்டா, மேற்பார்வையாளர் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். கட்டண நிரலைக் குறை சொல்லவில்லை, அருமையான கருவி. ஆனால் முதல் நாளிலிருந்தே ஒரு சின்னக் கணக்கை இலவச நிரலிலும் ஓட்டிப் பழகுங்கள். குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ, எல்க், ஃப்ளூர் மூன்றும் திறந்த மூல நிரல்கள், மூன்றிலும் எலக்ட்ரானின் சுழற்சியையும் அது சுற்றும் பாதையையும் இணைத்துப் பார்க்கும் சுழற்சி-பாதை இணைப்பு உண்டு, அது இல்லாமல் அனிசோட்ரபியே வராது. நிரலுக்கு நிரல் விடை மாறாதா என்று பயந்தேன். 2016இல் 15 நிரல்களை எடுத்து 71 தனிமங்களுக்கு ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று வந்தது. நவீன நிரல்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கி ஒத்துப்போகின்றன என்றுதான் அதில் தெரிந்தது. அப்புறம் கோப்புகள். எல்லாவற்றையும் சேமிக்க இடம் போதாது, சேமிக்கவும் வேண்டாம். உள்ளீட்டுக் கோப்பு, கடைசி அணு அமைப்பு, எழுத்து வடிவ வெளியீடு, நிரலின் பதிப்பு எண் இருந்தால் போதும். என் இரண்டு ஆண்டு வேலையில் இவை எல்லாம் சேர்த்து 3 ஜிபிகூட வராது. ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் பத்து முறை அடங்கியிருக்கும்.

அடுத்து வந்த ஆறு மாதம்தான் மிக மோசம். உதவித்தொகை நின்றுவிட்டது, பருவக் கட்டணம் கட்ட வேண்டும். பட்டர்வொர்த்தில் எஸ்பிஎம் பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுத்தேன், வாரம் நான்கு மாலை, மாதம் 1,100 வெள்ளி வரை வந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனால் சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள், "எப்போம்மா முடியும்?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து அந்த ஆண்டு கோவிலுக்கே போகவில்லை. புது மேற்பார்வையாளராகத் துறையில் ஒருவரை நியமித்தார்கள். அவர் துறை வேறு. மாதம் ஒரு முறை கையெழுத்துப் போடுவார். என் கணக்கு முழுக்கச் சரிந்து கிடக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கம். பழைய மேற்பார்வையாளருக்கு எழுதவும் வெட்கம், அவர் பெயரும் அந்தக் கட்டுரையில் இருந்ததே. "விரைவில் முடித்துவிடுவேன்" என்று இருவருக்கும் எழுதிக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பணத்தையும் விட்டேன். ஆய்வேடு கொடுக்க ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ்களில் இரண்டு கட்டுரை வேண்டும். என்னிடம் இன்னொரு சின்ன வேலை இருந்தது, ஹாய்ஸ்லர் கலவைகள் பற்றியது. 1903இல் ஃபிரிட்ஸ் ஹாய்ஸ்லர் என்ற ஜெர்மானியர் செம்பு, மாங்கனீசு, அலுமினியம் மூன்றையும் கலந்தார். மூன்றும் தனித்தனியே இரும்பைப் போலக் காந்தமாகாதவை, கலவையோ காந்தமாகிவிட்டது. அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பல கலவைகளுக்குக் காந்தத் திருப்புதிறனை, அதாவது காந்த வலிமையின் அளவை, பென்சிலாலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது. இணைதிற எலக்ட்ரான்களைக் கூட்டி 24ஐக் கழித்தால் போதும். இரண்டு கோபால்ட், ஒரு மாங்கனீசு, ஒரு சிலிக்கான் என்றால் 18, 7, 4, மொத்தம் 29. 24 போக 5, கணினியிலும் 5தான் வரும். கணினி 4.3 என்று சொன்னால் உள்ளீட்டில் எங்கோ பிழை என்று உடனே தேடலாம். அந்த வேலை சரியான வேலை, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. அதைத்தான் கொண்டுபோய், நான்கு வாரத்தில் வெளியிடுவோம் என்று அழைப்பு அனுப்பிய ஓர் இதழில் கொடுத்தேன். கட்டணம் 3,800 வெள்ளி. அண்ணன் தன் மோட்டார் சைக்கிளுக்குச் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து தந்தான். ஐந்தாம் வாரம் கட்டுரை வந்தது, ஒரு மதிப்பீட்டுக் குறிப்புகூட இல்லை. மூன்றாம் மாதம் அந்த இதழைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒருமுறை வெளிவந்ததை வேறு இதழுக்கும் அனுப்ப முடியாது. 3,800 வெள்ளியைவிட அந்த வேலை பாழானதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டியலில் இருக்கிறதா என்பதை இதழின் சொந்தப் பக்கத்தில் பார்க்காதீர்கள், ஸ்கோபஸின் பெயர்ப்பட்டியலில் நேரே தேடுங்கள். இதழின் பழைய நான்கு மாதத்தைத் திறந்து பாருங்கள். காந்தவியல் கட்டுரைக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணையும் வங்கி நிர்வாகமும் இருந்தால் விலகிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் துறையில் நல்ல இதழில் வெளியிடக் காசே வேண்டாம். ஃபிசிக்கல் ரிவ்யூ பி, ஜர்னல் ஆஃப் மேக்னடிசம் அண்ட் மேக்னடிக் மெட்டீரியல்ஸ் இரண்டிலும் சந்தா முறையைத் தேர்ந்தெடுத்தால் எழுதியவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கூடவே ஆர்க்கைவ் (arXiv) இணையத்தளத்தில் இலவசமாகப் போட்டுவிட்டால் யாரும் படிக்கலாம். கட்டினால்தான் வெளியீடு என்று நான் நம்பியதற்கு ஒரே காரணம், என்னைச் சுற்றி எல்லாரும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பம் அம்மாவிடமிருந்துதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிக்கொண்டிருந்தபோது, "ஏன்மா முகமே சரியில்ல?" என்று கேட்டார். மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன், கே-புள்ளி வரைக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ செஞ்சதை நீயேதானே பாத்தே? எங்க லைன்ல அப்படி விட மாட்டாங்க. ஒருத்தி ஒட்டினா இன்னொருத்தி பாப்பா. அவ பாத்ததை மூணாவது ஆளு லைட்டை மாத்தி வச்சுப் பாப்பாங்க. ஒட்டினவ கண்ணுக்கு அவ கீறல் தெரியாதுமா" என்றார். இரண்டரை ஆண்டில் என் உள்ளீட்டுக் கோப்பை இன்னொரு மனிதர் திறந்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மேற்பார்வையாளர் எண்ணைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்க்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று இரவே கோலாலம்பூரில் இதே துறையில் இருந்த ஓர் அக்காவுக்கு எழுதினேன். ஒரு மாநாட்டில் ஒரே ஒரு முறை பார்த்தவர். பழைய கணினியில் தற்செயலாகத் தங்கியிருந்த உள்ளீட்டுக் கோப்பை அனுப்பினேன். மறுநாளே அழைத்தார். 20 நிமிடத்தில் மூன்று பிழை சொன்னார். ஒன்று, 16 அணுக் கலத்துக்கு 6×6×4 கே-புள்ளி வலை எடுத்திருந்தேன். கட்டமைப்புக்கு அது போதும், அனிசோட்ரபிக்குக் கொஞ்சமும் போதாது. இரண்டு, சமச்சீரைத் திறந்தே விட்டிருந்தேன். காந்தத் திசையைச் சாய்த்ததும் சமச்சீர் குறைகிறது, நிரல் வேறு புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறது, இரு கணக்கிலும் ஒரே பிழை இருந்து கழித்தலில் அடிபட்டுப்போவது நடக்காமல் போகிறது. மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. "தங்கச்சி, எல்லா அணுவையும் ஒரே திசையில வச்சு ஆரம்பிச்சிருக்கீங்களே, புதுசாச் சேர்த்த அணுவைத் தலைகீழா வச்சுப் பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. மாங்கனீசைப் போன்ற அணுக்கள் பக்கத்து அணுக்களுக்கு எதிர்த்திசையில் நிற்க விரும்புவது உண்டு. நிரல் நாம் தொடங்கிவைத்த பள்ளத்திலேயே நின்றுவிடும், பக்கத்தில் இன்னும் ஆழமான பள்ளம் இருப்பதைத் தானாகத் தேடாது.

குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். இத்தாலியின் டிரியெஸ்டேயில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய ஐசிடிபி ஆய்வு மையம் இந்த நிரலுக்குப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. நம்மைப் போன்ற நாட்டு மாணவர்களை மனத்தில் வைத்தே உருவான இடம். பழைய பட்டறைகளின் பதிவுகளை இரவில் ட்யூஷன் முடித்து வந்து பார்த்தேன். புதிய அணுவைத் தலைகீழாக வைத்துத் தொடங்கியதும் ஆற்றல் இறங்கியது. அக்கா சொன்னது சரி. அப்புறம் வலையைக் கூட்டிக்கொண்டே போனேன். 8×8×6இல் 95 வந்தது. 12×12×8இல் மைனஸ் 12. அன்று கணினியை மூடிவிட்டு ஒரு வாரம் திறக்கவில்லை. 16×16×11இல் 44, 18×18×13இல் 39, 20×20×14இல் 38. சமச்சீரை மூடி, எலக்ட்ரான் நிரப்பலை மழுப்பும் அகலத்தை (ஸ்மியரிங்) பாதியாக்கி, மறுபடி பார்த்தேன், 38. அக்கா தன் குழுவில் வேறு நிரலில் ஓட்டினார், 41. அவ்வளவுதான். நான் சேர்த்த உலோகம் காந்தத்தை வலுவாக்கவில்லை, பலவீனமாக்கியது.

210 என்று நம்பிய எண் 38 ஆனபோது வருத்தப்படுவேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் நிம்மதியாக இருந்தது. அது எப்படிப் பார்த்தாலும் 38தான். பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்று, ஏன் பலவீனமாகிறது என்று புதிதாக எழுதினேன். எதிர்த்திசையில் நிற்கும் அணு எந்த எலக்ட்ரான் நிலைகளை நகர்த்துகிறது என்ற விளக்கம்தான் ஆய்வேட்டின் சிறந்த அத்தியாயம் என்று வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் சொன்னார். ஒரு காசு கட்டாமல் நல்ல இதழில் வந்தது. அக்காவோடு சேர்ந்து எழுதியது இரண்டாவது கட்டுரை.

இந்தத் துறையில் தொடங்குபவர்கள் முதல் மாதத்தில் ஒரு வேலை செய்யலாம். சாதாரண இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத் திருப்புதிறன் ஓர் அணுவுக்கு 2.2 போர் மேக்னட்டான் (அதை அளக்கும் அலகு) வர வேண்டும், நிக்கலுக்கு 0.6, கோபால்ட்டுக்குச் சுமார் 1.6. இவை வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகு வேறொரு மாணவரிடம் கோப்பைக் கொடுத்து அவர் கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். பெரிய முடிவு எதையும் மேற்பார்வையாளரிடம் காட்டுவதற்கு முன் வலை அடர்த்தி ஒரு பக்கம், விடை ஒரு பக்கம் என்று ஒரு படம் வரையுங்கள். கோடு படுத்துவிட்டால் பேசலாம். படுக்காத கோட்டின் மேல் நான் நான்கு அத்தியாயம் எழுதினேன்.

இழந்ததைக் கூட்டினால், இதழுக்கு 3,800 வெள்ளி, கூடுதல் பருவங்களுக்கான கட்டணம் 5,400, ஆக 9,200. அண்ணனிடம் வாங்கிய கடன் மொத்தம் 9,000. மாதம் 300 வீதம் திருப்பித் தருகிறேன், இன்னும் எட்டு மாதம் பாக்கி. வேறு ஒன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதம் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் இலவச ஆலோசனைப் பிரிவு இருந்தது. அதன் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை உள்ளே போயிருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி இருந்தால் தயவுசெய்து உள்ளே போங்கள்.

இப்போது கோலாலம்பூரில் முதுமுனைவர் ஆய்வாளராக இருக்கிறேன், ஓராண்டு ஒப்பந்தம், இபிஎஃப்பும் சொக்சோவும் உண்டு. 11 இடத்துக்கு விண்ணப்பித்து இரண்டில் நேர்காணல் வந்து ஒன்றில் கிடைத்தது. நிரந்தர வேலை கிடைக்குமா என்று தெரியாது. பினாங்கில் ஒரு ஹார்டு டிஸ்க் நிறுவனத்திலும் பேசிப் பார்த்தேன். காந்தவியலைவிட எனக்குத் தெரிந்த லினக்ஸையும் பைத்தானையும்தான் அதிகம் கேட்டார்கள், அதனால் அவற்றை அலட்சியப்படுத்தாமல் கற்றுக்கொள்ளுங்கள். போன வாரம் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதம் வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் குழுத் தலைவருக்கு நான்கு கேள்வி எழுதி அனுப்பினேன்: மானியம் எந்தத் தேதியில் முடிகிறது, நிரல் உரிமம் யார் பெயரில், நீங்கள் மாறிப்போனால் என் தரவு எங்கே இருக்கும், என் உள்ளீட்டுக் கோப்புகளை யார் சரிபார்ப்பார்கள். அனுப்பு பொத்தானை அழுத்தும்போது கை நடுங்கியது, தவறாக நினைப்பாரோ என்று. மதிய உணவு முடிந்து வந்தபோது நான்குக்கும் பதில் வந்திருந்தது, உரிம எண்ணும் தேதியும் உட்பட. கடைசியில், கோப்புகளை வெள்ளிக்கிழமை தானே உட்கார்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தார்.